பஞ்சு மூட்டை: ஒரு ஷாட்டின் நாட்குறிப்பு

மார்ச் 3, பாளையங்கோட்டை

கணினியில் நான் செய்யும் அனிமேஷன் ஷாட் இது: பெரியவர் ஒருவர் நெல் மூட்டையைத் தலையில் வாங்கி, நாலு எட்டு நடந்து, தரையில் போட வேண்டும். மொத்தம் 110 ஃபிரேம், அதாவது 110 தனிப் படங்கள். விநாடிக்கு 24 என்றால் நாலரை விநாடிக்குக் கொஞ்சம் கூட. மூன்றாவது தடவையாகத் திருத்தச் சொல்லித் திரும்பி வந்திருக்கிறது. குறிப்பு ஒரே வரி: "கனம் தெரியவில்லை."

பின்னால் நின்று பார்த்த ஆச்சி கேட்டாள்: "ஏல, மூட்டைக்குள்ள என்ன, இலவம்பஞ்சா?"

மார்ச் 4

கனம் என்றால் மெதுவாகத்தானே இருக்கும் என்று ஒரு எட்டுக்கு 12 ஃபிரேம் இருந்ததை 18 ஆக்கினேன். இப்போது பெரியவர் தாமிரபரணியில் கழுத்தளவுத் தண்ணீருக்குள் நடக்கிறார்.

மார்ச் 6

பஸ் பிடித்து சேரன்மகாதேவி போனேன். பிசான அறுவடை நேரம், ரைஸ்மில் வாசலில் லாரி நின்றது. மூட்டை 40 கிலோ. லோடுமேன் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டுவிட்டு செல்போனில் படம் எடுத்தேன்.

அவர் மெதுவாக நடக்கவே இல்லை! முழங்கால் லேசாக மடங்கியபடி, குட்டிக் குட்டி எட்டாக, அரை ஓட்டம். தலை மட்டம் மாறவில்லை. நான் போட்ட நடையில் இடுப்பு ஏறி இறங்கிக் குதித்தது; வெறுங்கையோடு போகிறவன் நடை அது.

"ஏன் அண்ணாச்சி இவ்வளவு வேகம்?"

"நிதானமா நடந்தா கழுத்து போயிரும்லா தம்பி. ஏத்துன கையோட கொண்டு போட்டுரணும்."

நேரம் பிடிப்பது புறப்படுவதிலும் நிற்பதிலும்தான். கைகொடுக்கிற ஆள் மூட்டையைத் தூக்கும்போது அண்ணாச்சி முதலில் கீழேதான் போகிறார். கால் அகலுகிறது, மூச்சு கட்டுகிறது, அப்புறம் இடுப்பு எழும்புகிறது, கடைசியில்தான் மூட்டை அசைகிறது. ஆனித் தேர் வடம் பிடிக்கையில் வடம் விறைத்து, நாமெல்லாம் சாய்ந்தும் தேர் கொஞ்ச நேரம் சும்மா நிற்குமே, அதே சங்கதி. என் ஷாட்டில் கையும் மூட்டையும் ஒரே ஃபிரேமில் கிளம்பின.

மார்ச் 7

முட்டாள்தனம் ஒன்று. வீடியோவில் ஃபிரேம் எண்ணி அப்படியே போட்டேன். எல்லாம் இழுவையாக வந்தது. செல்போன் விநாடிக்கு 30 எடுக்கிறது. அதில் 15 ஃபிரேம் என்றால் எனக்கு 12. அரை நாள் போச்சு.

மாற்றி எண்ணினால் பாரத்தோடு ஒரு எட்டுக்கு 9 ஃபிரேம். மூட்டை நகர்வதற்கு முன்னால் உடம்பு மட்டும் வேலை செய்வது 7 ஃபிரேம். இறக்கும் இடத்தில் சட்டென்று நிற்க முடியாமல் கூட ஒரு அரை எட்டு.

மார்ச் 9

இன்று விழுகிற மூட்டை. தோளுயரம் 1.2 மீட்டர் என்று வைத்தால் அரை விநாடியில் தரை, 12 ஃபிரேம். முதல் 6 ஃபிரேமில் கால்வாசிதான், 30 சென்டிமீட்டர் இறங்கும். மிச்சம் 90 அடுத்த ஆறில். நானோ நகர்வுக் கோட்டில் புறப்படும் இடம், நிற்கும் இடம் இரண்டிலும் வழவழவென்று வளைவு போட்டு வைத்திருந்தேன். மென்பொருள் தானாகத் தருவது அதுதான், கோழியிறகு மாதிரி வந்து உட்காரும். நகர்வைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில், மூட்டை தரை தொடும் இடத்தில் அந்த வளைவை உடைத்துக் கூராக்கினேன். நெல் மூட்டை எம்பாது. இரண்டு ஃபிரேமில் நசுங்கிப் பரந்து கிடக்கும், அவ்வளவுதான். எம்ப வேண்டியவர் பெரியவர். பாரம் போனதும் முதுகு தன்னால் மேலே வரும், ஒரு விரற்கடை அதிகமாகவே போய்த் திரும்பும். இதைப் போட்டதும்தான் முன்னால் தூக்கியதே கனமாகத் தெரிந்தது.

ஆச்சி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள். சரி, நல்ல அறிகுறி.

மார்ச் 11

அனுப்பும் முன்னால் திரும்ப சேரன்மகாதேவி. அண்ணாச்சி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"நடை சரியாத்தான் இருக்கு. சும்மாடு எங்க தம்பி? வெறுந்தலையில எவன் வாங்குவான்?"

பெரியவரின் கணினி உருவத்திலேயே (மாடல்) துண்டு கிடையாது. கேட்டு எழுதியிருக்கிறேன்.