வரியின் வால்

கோவில் கொடை, கிறிஸ்துமஸ், மன்றத்து ஆண்டுவிழா என்று குமரி மாவட்டத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. நாடகம் முடிந்ததும் பின்வரிசைக்காரர் "பேசினது ஒண்ணும் விளங்கல்ல" என்பார். அடுத்த ஒத்திகையில் நடிகருக்குக் கிடைக்கும் ஒரே அறிவுரை, "சத்தமா பேசுலே." அவரும் தொண்டை கிழியக் கத்துவார். அப்போதும் விளங்காது. காணாமல் போனது வரியின் கடைசிச் சொல். கத்தினால் பெரிதாவது முதல் சொல்.

தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. யார், எங்கே, எப்போது எல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகே நடந்ததா இல்லையா என்று தெரியும். "நாளைக்குக் கோட்டாறு சந்தையில அவனப் பாத்தாலும் நான் பேச மாட்டேன்." இதில் 'மாட்டேன்' அமுங்கினால் சண்டையா சமாதானமா என்று புரிவதற்குள் அடுத்தவர் வசனம் ஆரம்பித்துவிடும். வில்லுப்பாட்டில் இந்தத் தொல்லை குறைவு. முன்னின்று பாடுகிற அண்ணாவி வரியை விடுகிற இடத்தில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டு வாலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நாடக நடிகருக்கு அப்படி ஆள் கிடையாது.

வால் ஏன் அமுங்குகிறது? மூச்சு தீரத் தீரக் குரல்நாணுக்குக் கீழே இருக்கிற காற்றழுத்தம் குறையும், சுருதி தானாக இறங்கும், கடைசி இரண்டு அசை கரகரவென்று தேயும். அது உடம்பின் காரணம். மனதின் காரணமும் உண்டு: சொல்ல நினைத்தது தலைக்குள் முடிந்துவிட்டதால், நடிகர் வாயை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த அசைவுக்குப் போய்விடுகிறார். முகவாயும் தாழ்ந்துவிடும். இது போக, நம் பேச்சில் 'வந்தேன்', 'போனான்' எல்லாவற்றிலும் கடைசி 'ன்' மூக்கில் கரைந்துவிடுகிறது. நாக்கு மேலே போய்த் தொடுவதே இல்லை. திண்ணைப் பேச்சுக்கு அது போதும். நாற்பதடிக்கு அப்பால் போகாது.

மூச்சிலிருந்து தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, தொப்புளுக்கு மேலே தடித்த புத்தகம் ஒன்றை வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுங்கள். புத்தகம் எழும்ப வேண்டும், தோள் அசையக் கூடாது. பிறகு 'ஸ்ஸ்' என்று ஒரே கனத்தில் விடுங்கள். முதல் வாரம் 12 விநாடி வந்தால் போதும், பழகப் பழக 20, 25 வரும். பலர் இதைப் போட்டியாக்கி 40 விநாடி என்று பெருமை அடிப்பார்கள், அதில் பிரயோசனம் இல்லை. கவனிக்க வேண்டியது கடைசி மூன்று விநாடி. அங்கே 'ஸ்ஸ்' விட்டு விட்டு வந்தால், மேடையில் வாலும் அங்கேதான் அறுந்துபோகும். வயிற்றை இறுக்கிப் பிதுக்காமல், விலாவை விரித்தபடி வைத்துக்கொண்டு, காற்று கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம். தலை சுற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மூச்சு முட்ட முட்ட இழுப்பதும் தவறு. ஐந்து விநாடி வசனத்துக்கு முழு நுரையீரல் எதற்கு? நிறைந்த காற்று முதல் சொல்லிலேயே வெடித்து வெளியே போய்விடும்.

குரலைச் சூடாக்க ஒரு இளநீர்க் குழலும் அரை டம்ளர் தண்ணீரும் போதும். குழல் நுனி இரண்டு சென்டிமீட்டர் முங்கட்டும். 'ஊ' என்று மெதுவாக ஒலித்தபடி ஊதுங்கள், சுருதியை ஏற்றி இறக்குங்கள், குமிழி சீராக வர வேண்டும். வாய்க்குள் எதிரழுத்தம் இருப்பதால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மென்மையாக மோதும். ஐந்து நிமிடம் செய்தால் தொண்டை இளகிவிடும்.

இனி வால். வசனத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் 'மாட்டேன்' மட்டும். அடுத்து 'பேச மாட்டேன்'. பிறகு 'நான் பேச மாட்டேன்', 'அவனப் பாத்தாலும் நான் பேச மாட்டேன்' என்று முன்பக்கம் ஒவ்வொரு சொல்லாகச் சேருங்கள். முழு வரியும் வந்த பிறகும் 'மாட்டேன்' தனியாகச் சொன்னபோது இருந்த கனத்தோடு இருக்க வேண்டும். கனம் என்றால் கூச்சல் என்று எடுத்துக்கொண்டு கடைசிச் சொல்லைக் குத்துகிறவர்களும் உண்டு. அது பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி ஆகிவிடும்.

'மாட்டேன்' என்ற அந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இலக்கணத்தில் மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. மா 2, ட் அரை, டே 2, ன் அரை: ஆக 5 மாத்திரை. அவசரத்தில் பறிபோவது இரண்டு அரைகளும்தான். 'ட்' என்பது உண்மையில் ஒரு மௌனம்: நாக்கு நுனி மடிந்து மேலே அடைத்துக்கொண்டு, ஒரு கணம் காற்றை நிறுத்தி, 'டே'யில் விடுகிறது. அந்த நிறுத்தத்தைச் சுருக்கினால் 'மாடேன்' என்று கேட்கும். 'ன்'னில் நாக்கு நுனி மேல்பல் ஈறுக்குப் பின்னே போய் ஒட்டி, அரை மாத்திரை அங்கேயே இருக்க வேண்டும். விரலால் சொடுக்கிக்கொண்டே மெதுவாகப் பத்துத் தடவை, பிறகு வேகத்தைக் கூட்டி. இரட்டிப்பு எழுத்துகளுக்கு "கொக்கு நெட்டக் கொக்கு, நெட்டக் கொக்கு இட்ட முட்டை கட்ட முட்டை" என்பதை மிஞ்சிய பயிற்சி இல்லை. வேகமாகச் சொல்லிக் காட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை, ஒவ்வொரு அடைப்பும் கேட்கிறதா என்று பாருங்கள்.

ழகரத்துக்கு மற்ற மாவட்டங்களில் மாதக்கணக்கில் மெனக்கெடுவார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாள வாடை இருப்பதால் பலருக்கு அது வீட்டிலேயே வந்துவிடுகிறது. வராதவர்களுக்கு: 'ள' சொல்லுங்கள், நாக்கு நுனி மடிந்து அண்ணத்தைத் தொடும். அதே மடிப்பில் நுனியை ஒரு நூல் அளவு இறக்கி, தொடாமல் ஒலியுங்கள். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப்பற்களைத் தொட்டபடி இருக்கட்டும். அதுதான் ழ.

வட்டாரப் பேச்சை வகுப்பில் அழிக்கப் பார்க்காதீர்கள். "எனக்க வீடு இஞ்சதான் இருக்கு" என்பதைத் தெளிவாகவும் சொல்லலாம், குழப்பியும் சொல்லலாம். நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் என்.எஸ்.கிருஷ்ணனின் பழைய படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பழகிய நாக்கு அது.

பல்லுக்கிடையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு பேசும் பயிற்சி எல்லா வகுப்பிலும் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு மேல் செய்தால் தாடை இறுகிப்போகும், வந்த நன்மையும் போய்விடும். கடற்கரைப் பயிற்சி அதைவிட மோசம். சங்குத்துறையிலோ முட்டத்திலோ நின்று அலையை வெல்லக் கத்தினால் குரல் பலப்படும் என்று ஒரு நம்பிக்கை. இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911-லேயே இதை எழுதியிருக்கிறார். தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் எதைத் திருத்த முடியும்? மறுநாள் தொண்டை கட்டுவதுதான் மிச்சம். கட்டிய தொண்டையோடு கிசுகிசுப்பதும் அடிக்கடி செருமுவதும் இன்னும் கெடுதல், பேசாமல் இருப்பதே நல்லது. சுக்குக் காப்பி இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறும். மூன்று வாரம் தாண்டியும் குரல் திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

திறந்தவெளி என்றால் காற்றையும் கேட்க வேண்டும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று சும்மா விடாது. மேடை மேற்கே, சனம் கிழக்கே இருந்தால் காற்றே வசனத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மைக் செட்டுக்காரருக்கு எக்கோ மேல் தீராத காதல். பாட்டுக்கு அது சரி. வசனத்தில் ஒரு வரியின் வால் மேல் அடுத்த வரியின் தலை ஏறி உட்கார்ந்துவிடும். முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள். தெருக்கோடியில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் நூறு மீட்டர் தள்ளி இருந்தால், அதன் சத்தம் மேடைக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதமாக வரும். தன் குரலே பின்னால் வந்து இடறினால் பழகிய நடிகரும் தடுமாறுவார். நாடக நேரத்தில் அந்த ஒன்றையும் அணைக்க வேண்டும்.

கூட்டம் வருமுன் கடைசி ஒத்திகையில், கதை தெரியாத ஒருவரைப் பின்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார வையுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் அவர் எழுதட்டும். காலியாக விட்ட இடங்களை வசனத்தாளில் பென்சிலால் கோடிட்டு, அந்த வரிகளை மட்டும் திரும்பப் பின்னாலிருந்து கட்டுங்கள்.