நம்பர் பிழைத்தது, ஓடிபி வரவில்லை

2024 ஜூலை 29, திங்கட்கிழமை ராத்திரி. வருமான வரிக் கணக்கைப் போட்டு முடித்து, மின் சரிபார்ப்புக்கு ஆதார் ஓடிபியைத் தேர்ந்தெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓடிபி அனுப்பியாச்சு என்கிறது திரை. ஜெர்மனியில், ஸ்டட்கார்ட்டில் என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து சார்ஜில் போட்ட பழைய போன் 'நோ சர்வீஸ்' என்கிறது. நிறுத்திப் போட்டேன், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த இந்திய ப்ரீபெய்ட் நம்பரில்தான் எல்லாமே: ஆதார், பான், வங்கி, பிஎஃப். இங்கே வந்த நாளிலிருந்து ஆண்டுத் திட்டம் போட்டு இழுப்பறையில் வைத்துவிடுவேன், ஓடிபி வேண்டும்போது மட்டும் போனை ஆன் செய்வேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டம் முடியப்போகிறது என்று கம்பெனி அனுப்பும் எச்சரிக்கை எல்லாம் அந்த நம்பருக்கேதான் வரும், அந்தப் போன் அணைந்து கிடக்கும் என்பது மட்டும் என் கெட்டிக்காரத்தனத்துக்கு எட்டவில்லை.

மெயிலில் பழைய ரசீதைத் தேடிப் பார்த்தால், மே 8-ஆம் தேதியே திட்டம் முடிந்திருக்கிறது. விரல் விட்டு எண்ணினேன். 82 நாள்.

90 நாள் கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு: தொடர்ந்து 90 நாள் ஒரு ப்ரீபெய்ட் நம்பரில் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் கம்பெனி அதைத் துண்டித்துவிடலாம். ஆனால் அன்றைக்கு மெயின் பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் உயிரோடு வைத்திருக்க வேண்டும். 2013-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி. என் பேலன்ஸில் கடைசியாகப் பார்த்தது 11 ரூபாய் சொச்சம். அதற்கு முன் நூற்றுக்கு மேல் இருந்தது. அது எங்கே போனது என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்கிறேன்: ஒருநாள் ஓடிபிக்காகப் போனை ஆன் செய்த நேரம் பார்த்து ஒரு அழைப்பு வந்தது. ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று எடுத்துத் தொலைத்தேன். "சார், பர்சனல் லோன் தேவைப்படுதா?" ரோமிங் பேக் இல்லாமல் எடுத்த அழைப்பு. தேவையில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பேலன்ஸ் கரைந்துவிட்டது.

துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். என் வங்கி ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும் என்று நினைத்ததுமே தூக்கம் போய்விட்டது.

சரி, உடனே ரீசார்ஜ் செய்வோம் என்றால், கம்பெனியின் இணையதளம் என் ஜெர்மன் கார்டை ஏற்கவில்லை. இந்திய டெபிட் கார்டைப் போட்டால் வங்கி ஓடிபி அனுப்புகிறது. எந்த நம்பருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யுபிஐ? வெளிநாட்டு நம்பரை வைத்து என்ஆர்இ, என்ஆர்ஓ என்னும் வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்குகளில் யுபிஐ நடத்தலாம் என்று 2023 ஜனவரியில், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அனுமதி கொடுத்தபோது சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் என்று பத்து நாடுகள் பட்டியலில் இருந்தன. ஜெர்மனி இல்லை.

மறுநாள் காலை சென்னையில் அக்காவுக்குச் சொன்னேன். ஒரு நிமிஷ வேலை. "விலையை ஏத்திட்டாங்கடா" என்று மட்டும் சொன்னாள். ஜூலை முதல் வாரத்தில்தான் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை ஏற்றியிருந்தன. போகட்டும், நம்பர் பிழைத்தது. பணம் போன வலிகூடத் தெரியவில்லை.

போனைப் பார்த்தால் இன்னும் 'நோ சர்வீஸ்'.

இத்தனை நாள் சேவை இல்லாமல் கிடந்ததில் சர்வதேச ரோமிங் தானாகவே நீங்கிவிட்டதாம். திரும்பப் போடச் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். செயலிக்குள் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். வாடிக்கையாளர் சேவைக்கு இணையம் வழியாகக் காசு கட்டி அழைத்தேன். பதினேழு நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். மரியாதையான பையன்தான். "பாதுகாப்பு காரணத்துக்காக, உங்க நம்பர்ல இருந்தே கூப்பிடுங்க சார்" என்றார். அந்த நம்பர் வேலை செய்யாததால்தான் தம்பி கூப்பிடுகிறேன் என்றேன். "புரியுது சார். உங்க நம்பர்ல இருந்து கூப்பிட்டா உடனே செஞ்சிடலாம்."

அடுத்து ஷோரூம் படலம். என் பாஸ்போர்ட் நகல், கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், தன் ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அக்கா அலுவலகம் முடிந்து போனாள். கவுன்டரில் இருந்தவர் கடிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கஸ்டமர் நேர்ல வரணும் மேடம். லெட்டர் எல்லாம் இப்ப கிடையாது, சிஸ்டத்துல ஆப்ஷனே இல்ல." ஆத்திரத்தில் கத்தத் தோன்றியது என்றாள். பிறகு யோசித்தால் அந்த ஆள் சொன்னதில் தப்பில்லை. 2024 ஜனவரி 1 முதல் சிம் விஷயத்தில் காகிதப் படிவ முறையையே தொலைத்தொடர்புத் துறை நிறுத்திவிட்டது, எல்லாமே டிஜிட்டல் கேஒய்சி, அதாவது மின்னணு அடையாளச் சரிபார்ப்புதான். அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் என்ன? அக்கா விடாமல் கேட்டதில் அவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்: "நீங்க சொல்ற பேர்ல இந்த நம்பரே இல்லையே."

யார் பேரில் என்று சொல்லமாட்டாராம்.

"டேய், நம்பர் உன் பேர்லயே இல்லையாம்டா" என்று அக்கா போன் செய்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. 2009-ல் கல்லூரியில் சேர்ந்த வாரம், என்னிடம் அடையாள அட்டை எதுவும் இல்லாததால் அப்பா தன் பேரில் வாங்கிக் கொடுத்த சிம் அது. பதினைந்து வருஷமாக நான் 'என் நம்பர்' என்று சொல்லிக்கொண்டிருந்தது சட்டப்படி அப்பாவுடையது. என் பேரில் இருந்திருந்தால் நான் விமானம் ஏறியிருக்க வேண்டும். அப்பா தாம்பரத்தில்தான் இருக்கிறார்.

புதன்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு அக்கா மறுபடி போனாள், அரை நாள் விடுப்பு. எழுபத்தொரு வயது விரல்ரேகையை அந்தக் கருவி படிக்க மறுத்தது. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார்கள், கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக அழுத்தினார்கள். நான் வீடியோ அழைப்பில் அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இடது கை நடுவிரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். ரோமிங்கை மட்டும் போட்டுத் தர முடியாது, அதற்கும் ஓடிபி கேட்கிறது என்றார்கள். மாற்று சிம் கொடுக்க முடியும். கொடுத்தால் என் இழுப்பறை சிம் செத்துவிடும், புது சிம் தாம்பரத்தில் இருக்கும். வேறு வழியில்லை. அப்பாவின் பழைய பட்டன் போனில் அதைப் போட்டுவிடச் சொன்னேன்.

சாயங்காலம் சிக்னல் வந்தது. "நாலு கட்டை காட்டுது" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அழைப்பும் போகிறது. ஓடிபி அனுப்பினேன், வரவில்லை. இரண்டாவது முறை, மூன்றாவது முறை. அதற்குமேல் முயன்றால் ஆதாரே பூட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் நிறுத்தினேன். மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் வராது, போகவும் போகாது. திருட்டு சிம் மாற்றத்தைத் தடுக்க வைத்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். கவுன்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று பேர் ராத்திரி முழுக்க போனை வெறித்துக்கொண்டிருந்திருக்க மாட்டோம்.

வியாழன் இரவு, இந்தியாவில் மணி பத்தரை தாண்டிவிட்டது. மறுபடி அனுப்பினேன். டிங் என்ற சத்தம் எனக்கே கேட்டது.

"வந்துடுச்சுப்பா."

"நம்பர் சொல்லுங்கப்பா."

அமைதி. பிறகு, "இதை யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே?"

ஒரு வருஷமாக நானும் அக்காவும் மாறி மாறிப் பாடம் எடுத்ததன் பலன். வங்கியில் இருந்து பேசுகிறேன் என்றாலும் சொல்லக்கூடாது, மகன் பேசுகிறேன் என்றாலும் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். அக்கா பக்கத்தில் நின்று தலையாட்டிய பிறகுதான் ஒவ்வொரு இலக்கமாக, கண்ணாடியை ஏற்றி இறக்கி, வாசித்தார். கொடுத்த அவகாசத்தில் ஏழு நிமிஷம் போய்விட்டது. பச்சை டிக் விழுந்தது. கணக்குப் போட்ட நாளிலிருந்து சரிபார்க்க 30 நாள் உண்டு. அதனால் கெடு ஒன்றும் தாண்டவில்லை. ஓடிபியே வேண்டாமென்றால் ஐடிஆர்-வி என்னும் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பெங்களூருவில் வரித் துறையின் மையமான சிபிசிக்குத் தபாலில் அனுப்பும் வழியும் இருக்கிறது. அந்தப் பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஐந்து மாதம் அப்பாதான் என் ஓடிபி நிலையம். மூன்றரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசியில் அது நாலரையாகும். இங்கே நான் வேலை முடித்து உட்கார்ந்தால் அங்கே அவர் படுத்துவிடுவார். வங்கி வேலையெல்லாம் சனிக்கிழமை காலைக்கு ஒதுங்கியது. இது நிரந்தர ஏற்பாடல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போனதும் முதல் வேலை அப்பாவோடு ஷோரூம். இருவரும் நேரில் நின்றதால் பெயர் மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. சில நாள் கழித்து, அட்டையே இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம்முக்கு மாற்றினேன், அதற்கும் 24 மணி நேர எஸ்எம்எஸ் தடை உண்டு. விமானத்துக்கு முந்தின நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். ரோமிங்கையும் இந்தியாவில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். போட்டாயிற்று என்று எஸ்எம்எஸ் வந்தால்தான் போட்டதாக அர்த்தம், செயலியில் பொத்தான் பச்சையானதை நம்ப வேண்டாம். என் முதல் முயற்சி அப்படித்தான் காற்றில் போனது. இ-சிம்மின் பெரிய வசதி, அன்றாடம் வைத்திருக்கும் போனிலேயே இரண்டாவது லைனாகக் கிடக்கும், எச்சரிக்கை எஸ்எம்எஸ் கண்ணில் படும். டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். அந்த லைனில் அழைப்பு வந்தால் யாராக இருந்தாலும் எடுக்காதீர்கள். வீட்டு ஆட்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது.

ஸ்டட்கார்ட்டில் இறங்கியதும் முக்கால் மணி நேரம் சிக்னலே வரவில்லை, பழைய பயம் தொற்றிக்கொண்டது. நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை நிறுத்தி, பட்டியலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கையால் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவதில் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு நல்ல சேதியும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. குரல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது, 2025 ஜனவரியில் அவை வந்துவிட்டன. நமக்கு இந்திய டேட்டா எதற்கு? இதுதான் நமக்கான திட்டம். செயலியில் இதைக் கண்டுபிடிக்க அடிவரை உருட்ட வேண்டும், மேலே காட்டுவதெல்லாம் தினசரி டேட்டா கொண்டவைதான். முடியும் தேதியை என் நாள்காட்டியில் ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் குறித்திருக்கிறேன், அக்காவின் போனிலும் குறிக்கச் சொல்லிவிட்டேன். மெயின் பேலன்ஸில் தனியாக இருநூறு ரூபாய் கிடக்கிறது.

நம்பரின் மேல் இருக்கும் பாரத்தையும் கொஞ்சம் இறக்கினேன். வருமான வரித் தளத்தில் வெளிநாட்டு நம்பரைக் கொடுக்கலாம், கொடுத்துவிட்டேன். என் வங்கியும் என்ஆர்ஓ கணக்குக்கு ஜெர்மன் நம்பரை ஏற்றுக்கொண்டது, படிவம் நிரப்பி ஆறு வாரம் ஆனது. ஆதார் மட்டும் அசையாது. வெளிநாட்டு நம்பரை அது ஏற்பதில்லை.

சிம் கம்பெனியின் செயலியில் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து யார் பேர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். நான் பார்த்த கையோடு வீட்டில் எல்லோருடையதையும் பார்த்தேன். அம்மாவின் நம்பர் இன்னும் அப்பா பேரில்தான். அக்காவுடையது, அவளுக்கே தெரியாமல், பழைய அலுவலக நண்பர் ஒருவர் பேரில். அவரைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.