கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை

கரண்ட் போனதால் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்பார்கள். போகும்போது சாவது குறைவு; திரும்பி வரும்போதுதான் அடி விழுகிறது. அந்த வட்டாரத்து ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்ப, வோல்டேஜ் கொஞ்ச நேரம் ஏறி இறங்கித் தடுமாறும். அதைவிடக் கொடுமை, கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் அறுந்துபோவது. மூன்று ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400-ஐ நெருங்கிக்கூட ஏறலாம். பல்புகள் கண் கூசும் அளவுக்கு எரிந்து, ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டும் நடக்காமலே படுத்துவிடும் கம்ப்யூட்டர்களும் உண்டு. ஷட்டவுன் செய்த பிறகும், சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கேற்ற டிசியாக மாற்றித் தரும் பெட்டி) ஸ்டாண்ட்பை சர்க்யூட் ஒன்று 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து அதன் சின்னக் கெப்பாசிட்டர்கள் (சார்ஜைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) உலர்ந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும்வரை வெளியே தெரியாது. கரண்ட் போய், எல்லாம் ஆறி, மறுபடி ஒன்றுமில்லாததிலிருந்து கிளம்பு என்றால் அதனால் முடியாது. நோய் பழையது, பழி மட்டும் நேற்றைய மின்தடைக்கு.

பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவதை முதலில் நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, லேன் கேபிள், மானிட்டர் கேபிள், யூஎஸ்பியில் செருகியவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய சார்ஜ் இறங்கும். அசாதாரண வோல்டேஜைப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்வதுண்டு. அந்தப் பூட்டும் இதில் விடுபடலாம். பத்து நிமிடம் விட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஃபியூஸ் மட்டும் போயிருக்க, கம்ப்யூட்டரையே பிரித்துப் போட்டவர்கள் ஏராளம்.

அப்படியும் வரவில்லையா? கேபினெட்டைத் திறந்து, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பவர், டேட்டா இரண்டு கேபிளையும் பிடுங்குங்கள். இதற்கு இரண்டு காரணம். அடுத்து என்ன சோதனை செய்தாலும் டேட்டாவுக்கு ஆபத்து வராது. தவிர, டிஸ்க்கே ஷார்ட் ஆகியிருந்தால் எஸ்எம்பிஎஸ் கிளம்ப மறுக்கும். கழற்றியதும் கம்ப்யூட்டர் உயிர் பெற்றால் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிட்டது.

எஸ்எம்பிஎஸ் சோதனைக்கு ஒரு பேப்பர் கிளிப்பும் மல்டிமீட்டரும் போதும். பிளக் கழற்றிய நிலையில் மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரை எடுத்து, பச்சை வயரையும் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பு வயரையும் கிளிப்பால் இணையுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் மாடல்களில் பச்சைக்குரியது 16-வது பின். லோடுக்கு ஒரு பழைய கேபினெட் ஃபேனை மாட்டிவிட்டு சுவர் ஸ்விட்சைப் போடுங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வோல்ட் வரவேண்டும். ஊதா வயர்தான் ஸ்டாண்ட்பை. கிளிப் இல்லாமலே அதில் 5 வோல்ட் நிற்க வேண்டும். ஊதாவில் ஒன்றுமே இல்லை, அல்லது 3, 4 என்று ஆடுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் காலி. சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் 24 பின்னே இருக்காது, கனெக்டரின் அமைப்பு வேறு; அவற்றில் இந்த வித்தை வேண்டாம்.

அளவு சரியாக வந்துவிட்டால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்றும் முடிவுகட்ட முடியாது. வெறும் ஃபேன் லோடில் 12 காட்டி, புராசஸர் இழுக்கும்போது சரிந்துவிடும் யூனிட்டுகள் உண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பெட்டியைத் திறந்து உள்ளே ரிப்பேர் பார்ப்பது பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி, பிளக்கைக் கழற்றிய பிறகும் நின்றுகொண்டிருக்கும்.

புது எஸ்எம்பிஎஸ் போடும்போது ஒரு விஷயத்தில் கவனம். கேபிள்களைத் தனியாகக் கழற்றும் மாடுலர் வகை என்றால், பழைய யூனிட்டின் கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. மதர்போர்டுப் பக்கம், டிஸ்க் பக்கம் கனெக்டர்கள் பொதுவாக எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி எந்தப் பொது விதியும் கிடையாது. செருகினால் கச்சிதமாக உட்காரலாம், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய பின்னில் 12 போய்விடலாம். மின்தடையில் தப்பித்த டிஸ்க் இப்படி உரிமையாளர் கையாலேயே எரிந்துபோவது உண்டு.

எஸ்எம்பிஎஸ் மாற்றியும் அசைவில்லை என்றால் மதர்போர்டு. புராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம் ஸ்டிக் மட்டும் வைத்துப் பாருங்கள். ராமை எடுத்துவிட்டால் பீப் அடிக்கிறதா? அடித்தால் போர்டுக்கும் புராசஸருக்கும் உயிர் இருக்கிறது. புராசஸர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும்; உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால் போர்டின் கதை முடிந்தது. எல்லாம் நன்றாக ஓடி இன்டர்நெட் மட்டும் வரவில்லையா? அடி கரண்ட் வழியாக வராமல் மோடம், லேன் கேபிள் வழியாக வந்திருக்கலாம். லேன் போர்ட் தனியாகச் சாவது சகஜம், ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர் போதும். தேதி பல வருடம் பின்னால் போய், வெப்சைட்டெல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

இனி டிஸ்க். அதில் இருப்பதுதானே கடையில் கிடைக்காதது. ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் திடீரென்று நின்றாலும், சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகமே சின்ன ஜெனரேட்டராகி, படித்து எழுதும் ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துவிடும். ஆகவே தட்டு கீறுவது அபூர்வம். அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போகும். வோல்டேஜ் ஏறியிருந்தால் பெரும்பாலும் பலியாவது டிஸ்க்கின் பச்சைப் போர்டில், பவர் கனெக்டரை ஒட்டி இருக்கும் டிவிஎஸ் டயோடு. 5 வோல்ட்டுக்கு ஒன்று, 12-க்கு ஒன்று. தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவதே அதன் வேலை. டிஸ்க் தனியாக இருக்கும்போது, ஷார்ட் ஆன டயோடின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்ய ஓம் காட்டும். அதை எடுத்துவிட்டால் பல டிஸ்க்குகள் சாதாரணமாக ஓடும். ஆனால் காவல் இல்லாத டிஸ்க் அது: நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி, காப்பி எடுத்து, ஓரங்கட்டிவிடுங்கள். அதே மாடல் போர்டை வாங்கி மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் போர்டில் உள்ள 8 கால் சிப்பில் இருக்கும், அதையும் பெயர்த்து வைக்காமல் ஓடாது.

டிஸ்க் சுற்றுகிறது, ஆனால் டிக் டிக் என்கிறதா? உடனே கழற்றுங்கள். சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் படிக்கிறது என்றால் ஸ்மார்ட் விவரங்களில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 5, 197, 198 எண்களைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லாவிட்டால் விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது ஃபைல் சிஸ்டத்தை நேராக்கப் பார்க்குமே தவிர உங்கள் ஃபோட்டோக்களைக் காப்பாற்ற அல்ல. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற நகலெடுக்கும் மென்பொருள் ஒன்றால் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, ரிப்பேரை நகலில் செய்யுங்கள்.

சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி கதை வேறு. எது எங்கே இருக்கிறது என்ற அதன் அட்டவணை பாதியில் அறுந்தால், பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) பெயரே தெரியாது. டேட்டா கேபிள் இல்லாமல் பவர் மட்டும் கொடுத்து 20, 30 நிமிடம் விட்டு, அரை நிமிடம் நிறுத்தி, மறுபடி அதேபோல் ஒருமுறை செய்தால் சில எஸ்எஸ்டிகள் தங்களைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடும்.

மதர்போர்டை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் பழைய போர்டின் டிபிஎம் சிப்போடு பூட்டின் சாவியும் போய்விடும். டிஸ்க் பழுதே இல்லாமல் டேட்டாவை இழப்பது இப்படித்தான்.

யூபிஎஸ் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்பதை 600 வாட் என்று படிக்காதீர்கள்; பல மாடல்களில் அது 360 வாட்தான். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, கணக்குப்படி 84 வாட்-அவர். 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு அரை மணி வரவேண்டும்; இவ்வளவு வேகமாக இறக்கினால் பேட்டரி முழுக் கொள்ளளவைத் தராது, கன்வர்ஷனிலும் கொஞ்சம் போகும். பத்து, பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டக் கூடாது. யூஎஸ்பி கேபிள் கொடுத்திருந்தால் இணைத்து, சார்ஜ் குறைந்ததும் தானாக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். பேட்டரி 3 முதல் 5 வருடத்தில் தளர்ந்துவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை, வேலையைச் சேவ் செய்துவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள்.

யூபிஎஸ் இல்லாதவர்கள் கரண்ட் போனதும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடலாம். பயாஸில் கரண்ட் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் செட்டிங் ஒன்று உண்டு. அதை ஆஃப் என்றே வையுங்கள்.