இல்லாத நம்பரைத் தேடி மூணு மாசம்

மகன் ரெண்டாங்கிளாஸ். ஆட்டிசம். யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வாங்கின கதை தனி ராமாயணம், அதை இங்கே இழுக்கல. ஸ்கூல்லயே வாரம் ரெண்டு நாள் தெரபி வச்சுக்கலாம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் ஜூன்லயே சரின்னுட்டாங்க. ஆளையும் நாங்கதான் பிடிக்கணும், ஃபீஸும் எங்க தலையில. அதுக்கும் தலையாட்டினோம். ஆனா முதல் செஷன் நடந்தது செப்டம்பர்ல.

ஸ்பீச் தெரபிஸ்ட் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் கொடுத்தாங்க, அன்னிக்கே பேர் ஏறிடுச்சு. மாட்டினது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கறவங்க. ஆபீஸ் கிளார்க் ஃபைலைப் புரட்டிட்டு, "இவங்க ஆர்.சி.ஐ. நம்பர் எல்லி? நம்பர் இல்லதே ஆகல்லா மேடம், நாளே பன்னி"ன்னார். நம்பர் எங்கே, அது இல்லாம ஆகாது, நாளைக்கு வாங்கன்னு கன்னடத்துல. ஒரு காலத்துல பெங்களூர்ல பேய் வராம இருக்க வாசக்கதவுல 'நாளே பா' (நாளைக்கு வா)ன்னு எழுதி வச்ச கதையை எங்க அத்தை சொல்வாங்க. பேய் வந்து படிச்சிட்டுத் திரும்பிப் போயிடுமாம், மறுநாளும் வருமாம். அந்தப் பேய் மேல எனக்கு இப்போ ரொம்பப் பரிதாபம்.

அரை நாள் லீவு போட்டு, அல்சூர்ல மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்ல மாறி, அந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்டோட ஜெயநகர் கிளினிக்குக்குப் போனேன். போன்லயே கேட்டிருக்கலாம், புத்தி வரல. அந்தம்மா சிரிச்சிட்டாங்க. "எங்களுக்கு ஏதுங்க ஆர்.சி.ஐ. நம்பர்?"

ஆர்.சி.ஐ. 1992 சட்டத்துல வந்தது. ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாம் அதுல பதிவு பண்ணுவாங்க. ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் பிசியோவும் அந்தப் பட்டியல்லயே கிடையாது. 2021ல வந்த அலைட் ஹெல்த்கேர் கமிஷன் சட்டம்தான் இவங்களுக்கு. டிகிரி சர்டிஃபிகேட்டும், ஏ.ஐ.ஓ.டி.ஏ.ங்கிற அவங்க சங்கத்துப் பதிவும் கேட்டு வாங்கினா போதும். இதையெல்லாம் எடுத்துட்டுப் போய் நீட்டினேன். கிளார்க் ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பார்த்துட்டு, "இதுல ஆர்.சி.ஐ.ன்னு இல்லையே மேடம்" என்றார்.

வழி காட்டினது வாட்ச்மேன் அண்ணன், வேலூர்ப் பக்கத்துக்காரர். "ஏம்மா கவுன்ட்டர்ல நின்னு கால் கடுக்கறே? காலைல ப்ரேயருக்கு முன்னாடி பெரிய மேடம் தனியாத்தான் இருப்பாங்க. அப்ப வா."

மறுநாள் ஒரே பக்கத்துல லெட்டர் எழுதி எடுத்துட்டுப் போனேன். சட்டத்தை வச்சு மிரட்டல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 16வது பிரிவுல, அங்கீகாரம் வாங்கின பள்ளியில பிள்ளைக்குத் தேவையான உதவி கிடைக்கணும்னு இருக்கறதை ஒரு வரியில சொன்னேன். அடுத்த வரி: 'ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. எண் எந்த விதியின்படி தேவை என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' என் காப்பியில சீல் வாங்காம நகரல. வாயால "ஆகல்லா" சொல்றவங்க யாரும் அதைப் பேப்பர்ல எழுத மாட்டாங்க. நாலே நாள்ல அனுமதி வந்துடுச்சு!

சந்தோஷப்பட்டு டைம்டேபிளைப் பார்த்தா, ரெண்டு செஷனும் பி.டி. பீரியட்ல. வாரம் பூரா அவன் காத்திருக்கறதே அதுக்குத்தான். மறுபடி போய் நின்னு, ஒண்ணை ஹேண்ட்ரைட்டிங் பீரியடுக்கும் இன்னொண்ணை டிபன் நேரத்துக்கும் மாத்தினேன். 'ரிசோர்ஸ் ரூம்'னு காட்டின இடத்துல பழைய ஸ்போர்ட்ஸ் டே வளையம், உடைஞ்ச பெஞ்சு, தூசி. ரூமே வேண்டாம், கிளாஸ்லயே அவன் பக்கத்துல உட்காந்துக்கறேன்னு தெரபிஸ்ட் சொன்னது நல்லதாப் போச்சு.

போகப்போறவங்களுக்கு இன்னொண்ணு. என்ன நடக்கணும்னு குறிப்பா எழுதிக் கொடுங்க. 'கைத்திறன் மேம்பட வேண்டும்'னு எழுதினா யாரும் எதையும் அளக்க முடியாது. நாங்க எழுதினது: 'டிபன் டப்பாவைத் தானே திறக்க வேண்டும்.' கூடவே அவன் வீட்ல சொல்ற தமிழ் வார்த்தைகளையும் எழுதிக் கொடுத்தோம். கன்னடம் பேசற கிளாஸ் மிஸ் இப்போ "போதும்", "வேணாம்" ரெண்டையும் சுத்தமாச் சொல்றாங்க. முன்னாடி யாரோ சொன்னாங்கன்னு எட்டு மாசம் வீட்ல தமிழையே நிறுத்தி வச்சிருந்தோம். அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

நவம்பர்ல புளிசாத டப்பாவைத் தானே திறந்துட்டான். போன வாரம் டைரியில மிஸ் எழுதியிருந்தாங்க: பக்கத்துப் பையன் டப்பாவையும் திறக்கறானாம், கொஞ்சம் சொல்லி வைக்கணுமாம்.