ஓட்டுநரின் முழங்காலிலிருந்து ஒலிக்கும் குரல்

ஓட்டுநர் வலப்பக்கம் அமரும் நம் ஊர்க் கார்களில், பாடுகிறவரின் குரல் பெரும்பாலும் வலது முழங்காலுக்கு அருகிலுள்ள கதவிலிருந்துதான் வருகிறது. விலை கூடிய ஆம்ப்ளிஃபையரை மாட்டினால் அந்தக் குரல் உரக்க ஒலிக்குமே தவிர, இருக்கும் இடத்தைவிட்டு நகராது. ஆகவே வேலூரில் கார் ஆடியோ மாற்ற நினைக்கும் நண்பர்களிடம், பணத்தை எடுக்குமுன் அளவுநாடாவை எடுக்கச் சொல்கிறேன்.

என் காரில் வலப்பக்கக் கதவு ஸ்பீக்கர் காதிலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டரிலும், இடப்பக்கத்தது 145 சென்டிமீட்டரிலும் இருக்கின்றன. நம் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும் என்று வைத்துக்கொண்டால், இந்த 50 சென்டிமீட்டர் வித்தியாசம் 1.4 மில்லி வினாடியாகிறது. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிகூட நம் இரு காதுகளையும் அடைவதற்கு இடையே 0.7 மில்லி வினாடிக்கு மேல் ஆவதில்லை. அதனால் இரு மடங்கு முந்தி வரும் வலப்பக்க ஒலியையே மூளை பற்றிக்கொள்கிறது. முந்தி வரும் ஒலிக்கு இருக்கும் இந்த ஆதிக்கத்தை ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வேட்டில் ஆராய்ந்தார். பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால் குரல் ஓரளவு நகரும் என்றாலும், கீழ்ச் சுரங்களின் திசையைக் காது முக்கியமாகக் காலத்தைக் கொண்டும் மேற்சுரங்களின் திசையை ஒலியளவைக் கொண்டும் அறிவதால், குரல் ஒரு புள்ளியில் நில்லாமல் டேஷ்போர்டு நெடுகப் பரவிக்கிடக்கும்.

இதற்கு முறையான தீர்வு, டிஎஸ்பி என்னும் டிஜிட்டல் ஒலிச்செயலி வழியாக ஸ்பீக்கர்களின் நேரத்தைச் சரிக்கட்டும் டைம் அலைன்மென்ட்தான். மிகத் தொலைவில் உள்ள ஸ்பீக்கரை அப்படியே விட்டு, அருகில் உள்ளவற்றைத் தேவையான அளவு தாமதிக்க வேண்டும். நாடாவில் அளந்தது தொடக்கப் புள்ளி மட்டுமே. அதன்பின் மோனோவில், அதாவது இருபுறமும் ஒரே ஒலி வரும்படி, ஒரு தனிக் குரலை ஓடவிட்டு, அது டேஷ்போர்டின் நடுவில் ஒரு முகத்தின் அகலத்துக்குச் சுருங்கும்வரை சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். இந்த அமைப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு மேடை, அதாவது பாடுகிறவர்கள் முன்னே அமர்ந்திருப்பது போன்ற தோற்றம், மேலும் கெடும் என்பதால், குடும்பத்துடன் போகும்போது மாற்றிக்கொள்ள, தாமதம் இல்லாத இன்னொரு அமைப்பையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

ஆயினும் மேற்சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் இடம் தவறினால் டிஎஸ்பியாலும் முழுமையாக மீட்க முடியாது. கதவின் அடியில் ஸ்பீக்கரும் முன்கண்ணாடியின் ஓரத் தூணான ஏ பில்லரின் உச்சியில் ட்வீட்டரும் இருந்தால், 3,000 ஹெர்ட்ஸ் அருகே அலைநீளம் 12 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், இரண்டும் சேருமிடத்தில் சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடியின் உட்புற முக்கோண மூலையோ, ஏ பில்லரின் கீழ்ப்பகுதியோ எனக்கு உவப்பானது. ட்வீட்டரை நேராகத் தன் முகத்துக்குத் திருப்ப எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நோக்கித் திருப்பினால், அருகிலுள்ளதன் கூர்மை தணிந்து மேடை சமப்படும். வேலூர் சத்துவாச்சாரியில் நிழலின்றி நிறுத்தும் காரில், அக்னி நட்சத்திர நாட்களில் இருபக்க டேப்பின் பசை இளகிவிடும் என்பதால், ட்வீட்டரைத் திருகாணியால் பொருத்துவதே நல்லது.

அதே வெயிலை எண்ணித்தான் கதவின் அதிர்வை அடக்க ஒட்டுவதற்குத் தார் ஷீட்டைத் தவிர்த்து பியூட்டைல் ரப்பர் ஷீட்டைப் பரிந்துரைக்கிறேன். சூட்டில் தார் இளகும், நாற்றமும் எழும். கதவின் உட்தகட்டில் உள்ள பெரிய துளைகளை மூடாவிட்டால், ஸ்பீக்கரின் பின்புற ஒலி முன்னே வந்து பேஸைத் தின்றுவிடும். ஆனால் கதவின் அடியிலுள்ள மழைநீர் வடியும் துளைகளைத் தொடக் கூடாது. மோனோவில் பேஸ் மெலிந்து, பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளியதும் திரும்பி வந்தால், ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

டிக்கியில் உள்ள, கீழ்ச் சுரங்களுக்கான சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் நிறுத்தினால் அதன் திசை எளிதில் புலப்படாது. நம்பர் பிளேட் அதிர்ந்தால் மட்டும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பின்புற ஸ்பீக்கர்களை முழுதும் தணித்துவிடுவேன். ஆம்பூர் நோக்கி நெடுஞ்சாலையில் ஏறியதும் டயர் இரைச்சல் கீழ்ச் சுரங்களை விழுங்குமாதலால், கதவு ஸ்பீக்கரின் பேஸைச் சற்று உயர்த்தி வைப்பதும் அவசியம்.

இறுதிச் சோதனைக்கு, மேடையிலேயே ஸ்டீரியோவாகப் பதிவான ஒரு கர்நாடகக் கச்சேரி போதும். மிருதங்கம் வாசிப்பவர் வலக்கைக்காரரானால் அவையோரின் இடப்பக்கம் அவரும், நடுவில் பாடகரும், வலப்பக்கம் வயலினும் அமர்வது வழக்கம். மூவரும் அவ்வரிசையில் கண்ணாடிக்கு முன்னே தெரிந்தாலும், மிருதங்கத்தின் கூர்மையான வலது முகமான வலந்தலை ஏ பில்லரிலும், கனத்த இடது முகமான தொப்பி கதவடியிலும் தனித்தனியே ஒலிக்குமானால், ஸ்பீக்கருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரையும், ட்வீட்டரின் தாமதத்தையும் இன்னும் திருத்த வேண்டியிருக்கிறது.