கிணற்றைக் காட்டுவதா, வேண்டாமா: ஒரு நாடகக்காரனின் படப்பிடிப்பு நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி மேடையேற்றிய நாடகத்தைத் திரைக்கதையாக்கும் வேலை இன்று நான்காம் முறையாக முடிந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் அண்ணன் தம்பிக்குள் பங்குத் தகராறு மூண்டு, தாய் நடுவில் நிற்பதுதான் கதை. மேடையில் கிணறு கிடையாது. மேடையின் முன்விளிம்பையே கைபிடிச் சுவராகக் கொண்டு, பார்வையாளர்கள் அமர்ந்திருக்கும் இருட்டுக்குள் நடிகர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நாடகம் பார்க்க வந்தவர்களே கிணறாக இருந்தார்கள். திரையில் இதற்கு ஈடாக எதை வைப்பது என்பது நான்காம் வடிவத்திலும் தீரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், நாடக வாடை அடிக்கிறது என்றார். எல்லாம் ஒரே தோட்டத்தில் நடப்பதால், கதையை மதுரைக்குள்ளும் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட கே. பாலசந்தர், 1964இல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதிய மறு ஆண்டே, தம்முடைய மேடை நாடகமான ‘நீர்க்குமிழி’யை முதல் படமாக இயக்கினார். திரைக்கு வந்துவிட்டோம் என்பதற்காக அவர் கதை நடக்கும் மருத்துவமனையை விட்டு ஊர் சுற்றக் கிளம்பவில்லை. 1968இல் வந்த ‘எதிர்நீச்ச’லும் பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீட்டையே நம்பி நின்றது. வாடை இடத்தால் வருவதன்று. கண் பார்த்து முடித்ததை வாய் மறுபடியும் சொல்லும்போதுதான் வருகிறது. இந்த அளவுகோலோடு உட்கார்ந்ததில் முதல் இருபது பக்கங்களிலேயே பதினான்கு வசனங்கள் போயின. பிறருடைய படங்களுக்கும் தொடர்களுக்கும் ஒன்பது ஆண்டுகள் வசனம் எழுதித்தான் வீட்டு வாடகை கொடுத்தேன், அவற்றுள் ஒன்றில் என் பெயரே வரவில்லை. ஆனாலும் அப்போதெல்லாம் இவ்வளவு வெட்டியதில்லை.

மார்ச் 15, சனி

தாயாக நடிக்க, ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இசை நாடகத்தில் முப்பது ஆண்டுகள் ஸ்திரீபார்ட்டாக, அதாவது கதாநாயகியாக நின்ற அக்கா சம்மதித்துவிட்டார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் மதுரை. அவருடைய பாடல்களும் வசனங்களும் இன்றும் இந்த நடிகர்களின் நாவில் இருக்கின்றன. ராஜபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள், ஒத்திகை எதுவும் இல்லாமல், நாடகம் நடக்கும் ஊரில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் வள்ளி திருமணம் விடியப்போகும் நேரம் வரை தடையில்லாமல் நடக்கும். அது எப்படி இயலுகிறது என்பது இன்று அக்கா கேட்ட கேள்வியில் எனக்கு விளங்கியது. என் திரைக்கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தம்பி, இதுல எனக்கு எதிராளி யாரு? தர்க்கம் எந்த இடத்துல?” என்றார். வள்ளிக்கு நாரதரிடம் தர்க்கம் உண்டு; எதிராளிக்குப் பதில் சொல்லிக்கொண்டே போவதால்தான் ஒத்திகை இல்லாமலும் நாடகம் ஓடுகிறது. இந்தத் தாய்க்கோ இரண்டு மகன்களுக்கும் மாறி மாறிச் சமாதானம் சொல்வதைத் தவிர வேறு வேலையை நான் வைக்கவில்லை. பதினொரு ஆண்டுகளாக என் கண்ணில் படாத குறை இது. இரவே உட்கார்ந்து, மூத்தவனுக்கு எதிராகத் தாயே வழக்காடும்படி நடுப்பகுதியை மாற்றி எழுதினேன்.

மார்ச் 27, வியாழன்

கேமராவுக்கு முன்னால் அக்காவின் குரல் ஓங்கிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். இரண்டாவது டேக்கிலேயே அவர் குரலைத் தணித்துக்கொண்டார். சிக்கல் வேறிடத்தில் வந்தது. குளோசப் எடுக்கும்போது மூத்த மகனாக நடிப்பவர் வேலை முடிந்து புளியமரத்தடிக்குப் போய்விட, கேமரா அருகே ஒட்டிய டேப்பைப் பார்த்துப் பேசுமாறு உதவி இயக்குநர் சொன்னார். அக்காவால் ஒரு வரிகூடப் பேச முடியவில்லை. ஆள் இல்லாத இடத்தில் தர்க்கம் ஏது? நடிகரைத் திரும்ப அழைத்து, படத்தில் விழாவிட்டாலும் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனங்களை முழுமூச்சாகப் பேசச் சொன்னேன். இனி இந்தப் படத்தில் யாரும் டேப்பைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

மார்ச் 28, வெள்ளி

கயிறு கட்டிக் கேமராவைக் கிணற்றுக்குள் இறக்கி எடுத்தோம். படம் மிக அழகாக வந்திருக்கிறது. எனக்கு ஏனோ நிறைவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அந்த அழகான ஷாட்டை இன்று எடிட்டிங்கில் எடுத்துவிட்டோம். வறண்ட அடிக்கிணறு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், அண்ணன் தம்பி இருவரும் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பது வெறும் தகவலாகிவிடுகிறது. கிணற்றுக்குள் தண்ணீர் உண்டா இல்லையா என்று பார்ப்பவர் மனம் அலைய வேண்டும்; மேடையில் அந்த இருட்டு கொடுத்தது இதைத்தான். இப்போது தாய் கல்லைப் போடுகிறாள், அவள் முகம் மட்டும் தெரிகிறது, பிறகு ஓசை வருகிறது. கிணறு அறுபது அடி ஆழம். உண்மையில் கல் இரண்டு நொடிக்குள் விழுந்துவிடும். அந்த நேரத்தில் அக்காவின் முகம் மாறி முடியவில்லை. மூன்று நொடி வைத்தோம், ஐந்து வைத்தோம், நான்கில் நின்றோம். இது பொய்தானே என்றார் எடிட்டர். மேடையில் அவள் கல் போட்டால் ஓசையே வராது, ஆனாலும் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் என்று சொன்னேன்.

நாளை ஒலிப்பதிவாளர் அதே கிணற்றுக்குப் போகிறார். உள்ளங்கையளவு கல் ஒன்று, அதைவிடச் சிறியது ஒன்று, இரண்டையும் சேற்றில் விழும்படி போட்டுப் பதிந்து வரச் சொல்லியிருக்கிறேன்.