ஃபேனை நிறுத்தச் சொன்னேனா

"றெக்கையக் கொஞ்சம் வெட்டி உட்டுரட்டுங்களாண்ணா?"

மேடையில் மேஜிக் காட்ட என்னிடம் புறா வாங்க வந்தவன் கேட்டது இவ்வளவுதான். "வேண்டாந் தம்பி. வெட்டுனா அப்பறம் அது புறா இல்ல, பஞ்சுப் பொம்மை" என்றேன். சரியான சொல் வாயில் வந்து விழுந்த திருப்திகூட அப்போது இருந்தது. ஏழு வாரம் கழித்து, வாளையாறு தாண்டிக் கேரளப் பக்கம் ஒரு மண்டபத்தில், அந்தப் புறா அவன் விரலிலிருந்து எழும்பி, சுழன்றுகொண்டிருந்த ஃபேனுக்குள் போனது. மேஜிக் புறா வைத்திருப்பவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம்.

வெட்டாதே என்று சொல்ல எனக்குக் காரணங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. புறாவின் ஒவ்வொரு சிறகிலும் வெளிப்பக்கம் பத்துப் பெரிய இறகுகள் உண்டு. மேலே எழும்ப உந்துபவை அவைதான். வெட்டுகிறவர்கள் வெளியோரத்து நான்கைந்தை இரண்டு பக்கமும் சமமாக வெட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் பறவை சாய்ந்து சுழன்று விழும், நெஞ்செலும்பில் அடிபடும். புதிதாக முளைக்கிற இறகின் தண்டு நீலம் பாரித்து இருக்கும், உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் கத்தரி பட்டுவிட்டால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முற்றிய இறகில் வலி கிடையாது, நகம் வெட்டுவது மாதிரி. ஆனால் அடுத்து இறகு உதிர்ந்து முளைக்கும்வரை, கிட்டத்தட்ட ஒரு வருஷம், அந்தச் சிறகு மொட்டைதான்.

மேடையில் அது தெரியும். 1950களில் அமெரிக்க மேஜிக்காரர் சானிங் போலக் கறுப்புக் கோட்டுக்கு முன்னால் வெள்ளைப் புறாக்களை ஒவ்வொன்றாக வரவழைத்ததிலிருந்து இந்த வித்தையின் அழகே அந்தச் சிறகு விரிகிற ஒரு நொடிதான். புறா விரலில் வந்து உட்கார்ந்ததும் நிலை தேடி இரண்டு தடவை சிறகடிக்கும். கூட்டம் கைதட்டுவது அதற்குத்தான். ஓரம் வெட்டுப்பட்ட சிறகு கிழிந்த விசிறி போல இருக்கும்.

இதெல்லாம் சரி. ஓரம் வெட்டிய புறா பதினோரு அடி உயரத்துக்கு எழும்பியிருக்காது என்பதும் சரி. முன்வரிசையில் யார் மடியிலாவது விழுந்திருக்கும். பிள்ளைகள் சிரித்திருப்பார்கள்.

அன்றைக்கு அவனுக்கு என்னென்ன சொன்னேன் என்று வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். சொல்ல வேண்டியதை விட்டுவிடவில்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் இந்தக் கணக்கு.

முதலில் எந்தப் புறா என்பதைச் சொன்னேன். கோயில் கோபுரத்துப் புறா இதற்கு ஆகாது. அது முந்நூறு கிராமுக்குமேல் இருக்கும், பலமும் அதிகம். இந்த வேலைக்கு வளர்ப்பு மோதிரக்கழுத்துப் புறாவின் வெள்ளை வகை, கடையில் ஜாவா புறா என்பார்கள், சுமார் 150 கிராம். தோட்டத்தில் கூவுகிற மணிப்புறாவைப் பிடித்துப் பழக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும், அது பழகவும் பழகாது. இன்னொன்று, இந்த வெள்ளைப் புறாவுக்கு வீடு திரும்பத் தெரியாது. கல்யாணத்தில், திறப்புவிழாவில் "பறக்க விடுங்க" என்று யாராவது கேட்டால் மறுத்துவிட வேண்டும். திரும்பி வருவது பந்தயப் புறா. இது வெளியே போனால் காக்கைக்கும் பூனைக்கும் தீனி. இதை மூன்று தடவை சொன்னேன், நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு கூண்டு. ஒரு ஜோடிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையக்கூடாது. வலைக்கண் அரை அங்குலம், அதற்குமேல் போனால் சாரைப்பாம்பு தலையை நுழைக்கும். உட்காரும் கோல் பிளாஸ்டிக் வேண்டாம். விரல் தடிமனில் மேடுபள்ளமான வேப்பங்குச்சி, இல்லாவிட்டால் பாதம் புண்ணாகும். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் இந்தப் புறாக்கள் மிரண்டு கம்பியில் மோதிக்கொண்டு விடியும்போது ரத்தமாக நிற்கும்.

தீனி நாளைக்குப் பதினைந்து இருபது கிராம். கம்பு, தினை, உடைத்த சோளம், கொஞ்சம் பச்சைப்பயறு. கிளி மாதிரி உமி நீக்கித் தின்னாது, முழுசாக விழுங்கும். அதனால் அரைவைக்குச் சின்னக் கல் வேண்டும், கூடவே கிளிஞ்சல் தூள். தண்ணீரை அண்ணாந்து விழுங்காமல் மூக்கை முக்கி உறிஞ்சுவதால் கிண்ணத்தில் ஓர் அங்குலமாவது ஆழம் இருக்க வேண்டும். பெட்டை தனியாக இருந்தாலும் இரண்டிரண்டாக முட்டை இடும். எடுத்து எறிந்தால் திரும்பத் திரும்ப இட்டுச் சுண்ணாம்புச் சத்து போய் முட்டை அடைத்துச் சாகும். பொய் முட்டை வைத்து அடைகாக்க விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானே எழுந்துவிடும். புதிதாக வந்த பறவை முப்பது நாள் தனி அறையில். வாயைத் திறந்து தொண்டையைப் பார்க்க வேண்டும், மஞ்சளாகக் கட்டித் தயிர் போல ஒட்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை. பதினைந்து கிராம் குறைந்தால் ஏதோ கோளாறு.

பறவைக் காய்ச்சல் செய்தி வந்துவிட்டால் புறாவோடு எல்லை தாண்டாதே என்றும் சொன்னேன். வாளையாறோ வேலந்தாவளமோ கோபாலபுரமோ, சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு "இது மேஜிக் புறாங்க" என்று விளக்குவது நடக்காத காரியம். டிக்கெட் வைத்துக் காட்டுகிற நிகழ்ச்சி என்றால் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி பதிவு வேண்டும், 2001 விதிகளுக்குப் பின் அது இந்திய விலங்குகள் நல வாரியத்தில் என்றும் சொன்னேன். நம் பக்கம் பாதிப் பேர் இந்தப் பேச்சை எடுத்தாலே சிரிப்பார்கள். அவன் சிரிக்கவில்லை, செல்போனில் குறித்துக்கொண்டான்.

இத்தனைக்கும் நடுவில் எங்கோ ஃபேனும் இருந்தது. "வீட்ல பறக்க விடறப்ப ஃபேன நிறுத்திரு, கண்ணாடி ஜன்னலுக்குத் துணி போட்ரு, அடுப்புல பாத்திரம் கொதிக்கக்கூடாது."

வீட்ல. இந்தச் சொல்லைத்தான் இப்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மண்டபத்துக்கு என்று நான் தனியாகச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியாதா என்று ஒரு மனம் கேட்கிறது. இருபது நிமிஷத்தில் நாற்பது விஷயம் கொட்டினால் எதுதான் தலையில் நிற்கும் என்று இன்னொரு மனம்.

மண்டபம் வீடு அல்ல. சுவிட்ச் போர்டு மேடைக்குப் பக்கத்து அறையில் இருக்கும், அந்த அறைச் சாவி வேறு யாரிடமாவது இருக்கும். நிகழ்ச்சிக்கு முன்னால் போய் நிறுத்திவிட்டு வந்தாலும், பாலக்காட்டு மாசி மாத வெக்கையில் யாராவது ஒரு பெரியவர் விசிறிக்கொண்டே போய்ப் போட்டுவிடுவார். நிறுத்திய பிறகும் பழைய ஃபேன் ஒரு நிமிஷம் போலச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மிரண்ட புறா நேராகப் போகாது. முதலில் மேலே எழும்பும், பிறகு இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடும். அந்த இடம் திரையின் மேல்கம்பி, இல்லாவிட்டால் ஃபேன் தொங்குகிற குழாய். பொறுப்பான ஆள் ஒருவரை சுவிட்ச் பக்கத்தில் நிறுத்தி, கடைசிப் புறா கூடைக்குள் போகும்வரை அங்கேயே இரு என்று சொல்ல வேண்டும். அப்படி ஆள் இல்லாத இடத்தில் புறாவை எடுக்கவே கூடாது. இவ்வளவையும் இப்போது எழுத முடிகிறது.

பழக்குவதில் அவனிடம் குறை சொல்ல முடியாது. இரண்டு கால்களும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், கட்டைவிரல் முதுகின்மேல், உள்ளங்கை சிறகை மூட வேண்டும். இந்தப் பிடி அவனுக்கு முதல் நாளே வந்துவிட்டது. பலருக்கு வருவதில்லை, பயத்தில் வாலைப் பிடித்து இறகு மொத்தமும் கையோடு வந்துவிடும். நெஞ்சை இறுக்கக்கூடாது என்பதும் அவனுக்குப் புரிந்தது. நமக்கு இருப்பது போல உதரவிதானம் புறாவுக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சு அசையாதபடி பிடித்தால் கழுத்தைத் தொடாமலே கொன்றுவிடலாம். புறாவைச் சுற்றிக் கட்டுகிற துணிக் கச்சை தைக்கும்போதும் இதே கணக்குத்தான், தையல் நெஞ்செலும்பின்மேல் வரக்கூடாது.

காலை இருபது நிமிஷம், மாலை இருபது நிமிஷம், தீனி வைப்பதற்கு முன்னால். கால்களுக்குச் சற்று மேலே அடிநெஞ்சில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் ஏறி உட்காரும். ஏறியதும் குசும்பா விதை ஒன்று. முதல் வாரம் அது மட்டும். பிறகு விரலிலேயே இருக்க வைத்து நடப்பது, பிறகு ரேடியோ, பிறகு கைதட்டல், பிறகு முகத்துக்கு விளக்கு. ஒரு நாளில் ஒரு புதுத் தொந்தரவுக்கு மேல் கூடாது. துணிப்பைக்குள் பழக்குவது இரண்டு நிமிஷத்தில் ஆரம்பித்துப் பத்துக்குப் போக வேண்டும். இருட்டில் புறா தானாக அமைதியாகும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது, உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். புறாவின் உடல் சூடே நாற்பத்தொன்று டிகிரிக்கு மேல். வெயில் காலத்தில் பத்து என்பதை ஐந்தாக்கு என்றேன். பையை எங்கே வைப்பது என்பதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். அது தொழில்.

மேடைக்கு மூன்று மாதம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "பறவையப் பாத்து நீயே முடிவு பண்ணிக்க" என்றும் சொன்னேன். அந்தப் பறவை ஐந்தாவது வாரத்திலேயே கைதட்டலுக்கு அசையாமல் உட்கார்ந்தது. அவன் பறவையைப் பார்த்தான், முடிவு பண்ணினான். நான் சொன்னபடிதான் செய்தான்.

கேரளத்து மேஜிக்காரர் வாழக்குன்னம் நம்பூதிரியின் செப்பும் பந்தும் வித்தையை, கிண்ணத்துக்கடியில் பந்து மறைந்து தோன்றுவதை, இன்றும் பெருமையாகச் சொல்லும் பக்கம் இது. பந்துக்குத் தீனி வேண்டாம், பந்து மிரளாது. பந்தைக் கைக்குள் மறைப்பதில் தப்பு நேர்ந்தால் மானம் போகும், அவ்வளவுதான். புறாவில் தப்பு நேர்ந்தால் மானம் போவது கடைசிக் கவலை.

சில நாள் இப்படித் தோன்றும்: அவன் கேட்டது சிறகைப் பற்றியே இல்லை. "எனக்குப் பயமா இருக்குண்ணா" என்பதைத்தான் அப்படிக் கேட்டான். புதிதாக வருகிறவர்கள் தங்களைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், பறவையைப் பற்றித்தான் கேட்பார்கள். "ஏன் கேக்கற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மண்டபம், கூட்டம், உயரம் எல்லாம் அவன் வாயிலிருந்தே வந்திருக்கும். நான் பஞ்சுப் பொம்மை என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டேன். வேறு சில நாள், இதெல்லாம் நானாகக் கற்பனை செய்துகொள்வது, அவன் கத்தரிக்கோலைப் பற்றித்தான் கேட்டான் என்று தோன்றும்.

முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் ஓரத்தில் நான்கை வெட்டிக்கொள், பழகியபின் வளரவிடு என்று சொல்கிற பழைய ஆட்கள் உண்டு. அவர்களை நான் மதித்ததில்லை. பறக்கும் புறாவைப் பழக்கத் தெரியாதவர்களின் குறுக்குவழி அது என்பேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இப்போது வாங்க வருகிறவர்களிடம் வெட்டாதே என்றுதான் சொல்கிறேன், முன்பு சொன்ன வேகத்தில் சொல்ல வருவதில்லை. ஃபேனைப் பற்றி முதலில் சொல்கிறேன், கடைசியிலும் சொல்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அவன் இன்னொரு ஜோடி வாங்கிக்கொண்டு போனான். அன்று சிறகைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. போன வாரம் போன் பண்ணினான். புது இறகு முளைக்கும்போது தண்டு நீலமா இருக்கும்னீங்களே, அது எத்தனை நாளைக்குங்கண்ணா என்றான். முழுசா வளர மூணு நாலு வாரம் ஆகும், அதுவரைக்கும் அடித்தண்டுல ரத்தம் இருக்கும் என்றேன். சரிங்கண்ணா என்று வைத்துவிட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.